இடம் போதவில்லையா, பொருள் கூடிவிட்டதா?

வீட்டில் சேர்ந்துபோன சாமான்களைக் கழிப்பது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: விடுமுறை நாளில் அலமாரி முழுவதையும் காலி செய்து கட்டிலில் கொட்டினேன். மாலைக்குள் பாதிகூட முடியவில்லை. படுக்க இடம் வேண்டுமே என்று எல்லாவற்றையும் திரும்பத் திணித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகிறது. எங்கே தவறுகிறேன்?

ப: அளவில். ஒரு பெரிய அலமாரியில் சில நூறு பொருட்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் சரசரவென்று எடுப்பீர்கள். அதன் பிறகு அலுத்துப்போய் எதைத் தொட்டாலும் 'இருக்கட்டும்' என்றுதான் வாயில் வரும். அலுப்பு வந்தபின் எடுக்கும் முடிவு எல்லாம் பொருளை வைத்துக்கொள்ளும் பக்கமே சாயும்.

ஆகவே ஒரே ஒரு இழுப்பறை, அல்லது அலமாரியில் ஒரே ஒரு தட்டு. கடிகாரத்தில் 25 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 5 நிமிடம் திரும்ப அடுக்குவதற்கு, அதைத் தொடக்கூடாது. அந்த நேரத்துக்குள் திரும்ப அடுக்க முடியாத அளவை ஒருபோதும் வெளியே எடுக்காதீர்கள்.

ஆரம்பிக்கும் முன்பே நான்கு பைகளோ பெட்டிகளோ பக்கத்தில் இருக்கட்டும்: இங்கேயே இருக்க வேண்டியது, கொடுக்க வேண்டியது, குப்பை, வேறு அறைக்குப் போக வேண்டியது. பலரும் விட்டுவிடுவது இந்த நான்காவதைத்தான். கையில் கிடைத்த கத்தரிக்கோலை அதன் இடத்தில் வைக்க அடுத்த அறைக்குப் போவார்கள். அங்கே இன்னொரு இழுப்பறை கண்ணில் படும். அன்றைய வேலை அதோடு சரி. நான்காவது பெட்டி இருந்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ வேண்டாம். கடைசியில் ஒரே சுற்றாகப் போய் எல்லாவற்றையும் வைத்துவிடலாம்.

முடிவுக்கு வர முடியாதவற்றுக்கு ஒரு சிறிய அட்டைப்பெட்டி, காலணிப் பெட்டி அளவு போதும். நிரம்பியதும் ஒட்டி, மேலே அன்றைய தேதியை எழுதுங்கள். ஆறு மாதம் அதைத் திறக்கும் தேவை வராவிட்டால் திறக்காமலே கொடுத்துவிடலாம். பெட்டி பெரிதாக இருந்தால் எல்லாமே அதற்குள் போய்விடும் என்பதால்தான் அளவில் இத்தனை கறார். ஆவணங்களும் புகைப்படங்களும் மட்டும் இதில் போகக்கூடாது.

எதிலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். பலர் நேராகப் பழைய கடிதங்களிலும் ஆல்பத்திலும் கை வைப்பார்கள். மதியம் வரை அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் குளியலறை, மருந்துப் பெட்டி, காலாவதியான பொருட்கள். அங்கே யோசிக்கவே வேண்டாம். தேதி முடிந்துவிட்டதா, இல்லையா, அவ்வளவுதான். பிறகு சமையலறை, துணி, புத்தகம், காகிதம். நினைவுப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்குள் தேர்வு செய்து கை பழகியிருக்கும்.

குப்பைப் பை அன்றே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஓர் இரவு வீட்டில் தங்கினால் யாராவது அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நீங்களேதான்.

கே: வேலையைத் தொடங்கும் முன் நல்ல பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு டஜன் வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த அளவு வசதி?

ப: இப்போது எந்த அளவும் வேண்டாம். எதை, எவ்வளவு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று தெரியாமல் வாங்கினால் டப்பாவை நிரப்புவதற்காகவே பொருளை வைத்துக்கொள்வீர்கள். கழித்து முடித்தபின் மிஞ்சியதையும் அலமாரித் தட்டின் நீள அகல ஆழத்தையும் அளந்து வாங்குங்கள். பெரும்பாலும் வீட்டில் காலியான டப்பாக்களே போதுமானதாக இருக்கும். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி இரண்டையும் இன்றைக்கே கழித்துவிடுங்கள். ஜோடி திரும்ப வராது.

கே: 'என்றாவது ஒருநாள் தேவைப்படும்' என்று தோன்றுவதால் எதையும் விட மனம் வரவில்லை. பத்திரமாக வைத்திருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லையே?

ப: நஷ்டம் உண்டு. வைத்திருக்கும் பொருள் வைத்தபடியே இருக்கும் என்ற நம்பிக்கைதான் பிழை. பயன்படுத்தாமல் வைத்தாலும் பெரும்பாலான பொருட்கள் கெட்டுப்போகும். சில பொருட்கள் பயன்படுத்தாததாலேயே கெடும்.

விசேஷத்துக்கு என்று பெட்டியில் வைத்த ஷூவை சில ஆண்டு கழித்துப் போட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் அடிப்பகுதி உதிர்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மட்டமான ஷூ என்று திட்டுவோம். அந்த அடிப்பகுதி பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். தோல் மாதிரித் தெரியும் கைப்பைகளும் சோபா உறைகளும் செதில் செதிலாக உரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எலாஸ்டிக் வைத்த துணி வைத்த இடத்திலேயே தொய்ந்துவிடும். ரப்பர் பேண்டுகள் சில ஆண்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு நொறுங்கும். ரிமோட், டார்ச், பழைய கேமரா இவற்றின் மென்மையான ரப்பர் பூச்சு பிசுபிசுத்துப்போகும். உள்ளே மறந்துவிட்ட ஆல்கலைன் பேட்டரி கசிந்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் உலோகத் தகடுகளை அரித்துவிடும். வெள்ளைப் பொடியாகத் தெரிவது அதன் மிச்சம்தான். வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு, வினிகர் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் காரம் முறியும். லேப்டாப், போன் போன்றவற்றின் லித்தியம் பேட்டரி முழுதாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாமலே போகலாம். சும்மா வைத்திருக்க வேண்டுமென்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

துணியைக்கூட 'ஒருமுறைதான் போட்டோம்' என்று துவைக்காமல் மடித்து வைத்தால், அப்போது கண்ணுக்குத் தெரியாத வியர்வைக்கறை ஓராண்டில் மஞ்சளாக எழும்பும். பூச்சியும் முதலில் அந்த இடத்தைத்தான் அரிக்கும்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். 'தேவைப்படுமா?' என்றால் எதற்கும் 'ஒருவேளை' என்றுதான் பதில் வரும். 'தேவைப்படும் அன்றைக்கு இது வேலை செய்யுமா? அன்றைக்கு இது எங்கே இருக்கிறது என்று எனக்கு நினைவிருக்குமா? இல்லாவிட்டால் ஒரு நாளுக்குள் இரவல் வாங்கவோ வேறொன்றை வைத்துச் சமாளிக்கவோ முடியுமா?' என்று மூன்றாகக் கேளுங்கள். முதல் இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், மூன்றாவதற்கு 'முடியும்' என்றாலும் அந்தப் பொருளை விடலாம். தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, டார்ச், உதிரிச் சாவி போன்ற அவசரத்துக்கு வேண்டியவை இந்தக் கணக்கில் வராது.

கே: நிறைய விலை கொடுத்து வாங்கிய உடற்பயிற்சிக் கருவி மூலையில் நிற்கிறது. விற்றால் கால்வாசிகூடக் கிடைக்காது என்கிறார்கள். அதற்கு வைத்திருப்பதே மேல் இல்லையா?

ப: கொடுத்த பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. கருவி மூலையில் நிற்பதால் அது திரும்பி வரப்போவதில்லை. இன்று உங்கள் முன் இருப்பது கால்வாசிப் பணமும் காலி மூலையுமா, அல்லது துணி காயப்போடும் கொடியாகிவிட்ட கருவியா என்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம்முடையதாகிவிட்டாலே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணுக்குக் கூடிவிடும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பாதிக்குக் காப்பிக் கோப்பையைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். மறுபாதியை வாங்கச் சொன்னார்கள். சற்றுமுன் கைக்கு வந்த அதே கோப்பைக்கு, வாங்குபவர்கள் தரத் தயாரான விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள் வைத்திருந்தவர்கள். சில நிமிடம் கையிலிருந்ததற்கே இப்படி என்றால், சில ஆண்டு வீட்டில் நின்றதற்கு நீங்கள் மனதில் போட்டிருக்கும் விலை என்னவாக இருக்கும்!

விற்பதானால் பகல் வெளிச்சத்தில் நான்கைந்து படம் எடுங்கள். கீறல் இருந்தால் அதையும் ஒரு படம். நீளம், அகலம், எடை எழுதுங்கள். பாதி விசாரிப்புகள் 'எங்கள் வீட்டு வாசலில் நுழையுமா' என்பதாகத்தான் இருக்கும். மூன்று வாரம் கெடு. அதற்குள் போகாவிட்டால் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். கெடு இல்லாத விற்பனை, வைத்துக்கொள்வதற்கு இன்னொரு பெயர்.

கே: துணியில் எதைப் போடுகிறேன், எதைப் போடுவதில்லை என்று எனக்கே தெரியவில்லை.

ப: எல்லா ஹேங்கர்களையும் கொக்கி உங்களைப் பார்த்தபடி திருப்பி மாட்டுங்கள். போட்டுத் துவைத்ததை மட்டும் வழக்கம்போல மாட்டுங்கள். ஓராண்டு முடிந்தும் திரும்பாமல் இருப்பவை உங்களுக்கான பட்டியல். மடித்து வைப்பவற்றில், துவைத்ததை எப்போதும் அடுக்கின் வலப்பக்கம் வைத்தால் போடாதவை இடப்பக்கம் தானாக ஒதுங்கும்.

கே: காகிதம்தான் என் தலைவலி. ரசீது, அறிக்கை, உத்தரவாத அட்டை என்று மூன்று மூட்டை. எதை வைப்பது, எதைக் கிழிப்பது?

ப: ஒரே அமர்வில் படித்து முடிக்க நினைக்காதீர்கள். முதல் சுற்றில் படிக்கவே வேண்டாம். தலைப்பை மட்டும் பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் அடுக்கு, அசலே வேண்டியவை: பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், கல்விச் சான்றுகள், சொத்துப் பத்திரங்கள், உயில், கடவுச்சீட்டு. ஸ்கேன் செய்திருந்தாலும் அசலைக் கழிக்கக்கூடாது. இவை எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பில் அடங்கும். நெருப்பு, வெள்ளம் என்றால் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரு பையில் அந்தக் கோப்பு இருக்கட்டும். லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டியதைப் பிரிக்க முடியாது, முத்திரையைத் தடவிச் சோதிக்க முடியாது என்பதால் பல அலுவலகங்கள் அத்தகைய அசலை ஏற்பதில்லை.

இரண்டாவது, காலம் வரை வேண்டியவை: வரிக்கணக்கு, கடன், காப்பீடு, வாடகை ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை. வரிக் காகிதங்களை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்து, ஒவ்வொரு உறை மேலும் 'இந்த ஆண்டு வரை' என்று முடிவுத் தேதியை எழுதுங்கள். வாங்கிய தேதியை எழுதிப் பயனில்லை. கடன் அடைத்ததற்கான கடிதத்தை மட்டும் காலத்துக்கும் வைத்திருங்கள். உத்தரவாத அட்டை, பொருள் இருக்கும்வரை அல்லது காலம் முடியும்வரை. எது முந்துகிறதோ அது.

மற்றதெல்லாம் மூன்றாவது அடுக்கு. மூட்டையில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். பயன்பாட்டுக் கையேடுகளை முதலில் தள்ளுங்கள்; தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். கணக்கு எண், கையெழுத்து உள்ளவற்றைக் கிழிக்காமல் போடாதீர்கள். நீளவாக்கில் மட்டும் கிழித்தால் ஒட்டிப் படித்துவிடலாம்; குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கருவி நல்லது. இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கூழாக்கிவிடலாம்.

கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானவை. ஒன்றிரண்டு ஆண்டில் எழுத்து மறைந்து வெறுந்தாளாகிவிடும். தேவையானதை உடனே படம் எடுங்கள். அந்தத் தாளில் வேதிப்பூச்சு இருப்பதால் பழைய காகிதக் கட்டில் சேர்க்காமல் குப்பையில் போடுவதே சரி.

ஸ்கேன் செய்வதற்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். '2024-03-15-காப்பீடு' என்று வைத்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழகிப்போன விதி. போனில் மட்டும் இருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

கே: பழைய புகைப்பட ஆல்பங்களை ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப்போடலாமா?

ப: பாதியைத் தூக்கிப்போட ஸ்கேனே வேண்டாம். மங்கியவை, ஒரே காட்சியின் ஐந்து பிரதிகள், யாரென்று வீட்டில் எவருக்கும் தெரியாத கூட்டம் இவற்றை முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சியதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் அப்போது 2400க்கு 3600 புள்ளிகளாக வரும். மறுபடி பெரிதாக அச்சிடவும் அது போதும்.

பிசின் தடவிய பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள்தான் ஆபத்து. அந்தப் பிசின் ஆண்டுகள் போகப்போக மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். விரலால் நெம்பாதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து, மூலையிலிருந்து மெதுவாக அறுத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்து அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே விதி.

வைத்துக்கொள்ளும் படங்களுக்குப் பிவிசி உறை கூடாது. பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுத மென்மையான பென்சில் போதும். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் வடு தெரியும். பிலிம் நெகட்டிவ்களை அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள், அவைதான் மூலம். வினிகர் வாடை அடித்தால் மட்டும் உடனே தனியே பிரியுங்கள். பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும்.

கே: காலாவதியான மாத்திரை, பழைய போன், உடைந்த பல்பு, பாதி டப்பா பெயிண்ட். குப்பையில் போடவும் பயம், வைக்கவும் பயம்.

ப: பயம் நியாயமானதே. இவற்றை ஒரே பையில் கட்டக்கூடாது.

மருந்துகளை மருந்தகமோ மருத்துவமனையோ திரும்பப் பெற்றால் அதுவே சிறந்தது. அந்த வசதி இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடோ மரத்தூளோடோ கலந்து, இறுக மூடிய பையில் குப்பையோடு போடுங்கள். பாட்டிலில் இருக்கும் பெயரையும் முகவரியையும் அழிக்க மறக்காதீர்கள். பொதுவாகக் கழிப்பறையில் கொட்டக்கூடாது, நீர்நிலைக்குப் போய்ச் சேரும். ஆஸ்துமா இன்ஹேலர் காலியாகத் தோன்றினாலும் உள்ளே அழுத்தம் இருக்கும். துளைக்கவோ எரிக்கவோ கூடாது.

பேட்டரிகளின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். ஒட்டாமல் டப்பாவில் குலுங்கவிட்டால் முனைகள் உரசித் தீப்பிடிக்கலாம். உப்பிப்போன போன் பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில் தனியே வைத்து முதல் வேலையாக ஒப்படையுங்கள். பொத்தான் பேட்டரி சின்னதுதானே என்று மேசையில் போடாதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

சிஎஃப்எல் பல்பிலும் குழல்விளக்கிலும் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு 10 நிமிடம் அறையைவிட்டு வெளியேறுங்கள். பிறகு கெட்டி அட்டையால் அள்ளி, பொடியை ஒட்டுநாடாவால் எடுத்து, மூடிய பாட்டிலில் போடுங்கள். வேக்குவம் கிளீனரோ துடைப்பமோ வேண்டாம், பாதரசத்தைப் பரப்பிவிடும்.

நீரில் கரையும் பெயிண்டை முகர்ந்து பாருங்கள். அழுகிய நாற்றம் இருந்தால் கதை முடிந்தது. மணல் அல்லது மரத்தூள் கலந்து இறுகவிட்டுப் போடலாம். எண்ணெய் பெயிண்டும் தின்னரும் அபாயக் கழிவு, தனியே ஒப்படைக்க வேண்டும்.

போனில் முதலில் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அதன் பிறகே முழு அழிப்பு. வரிசை மாறினால் அடுத்தவர் கையில் அது பூட்டிய கல்தான். சிம், மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். கணினி ஹார்ட் டிஸ்கில் கோப்பை நீக்குவது, வேகமாக ஃபார்மட் செய்வது இரண்டும் தகவலை அழிப்பதில்லை. மேலெழுதி அழிக்க வேண்டும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் என்றால் தயாரிப்பாளரின் அழிப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

கே: அப்பா பழைய செய்தித்தாள், கயிறு, காலி பாட்டில் எதையும் விடமாட்டார். அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் போட்டுவிடலாமா?

ப: கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்து நீங்கள் ஒரு தாளைத் தொட்டாலும் சந்தேகம் வரும். பிடி இன்னும் இறுகும். 'இது வேண்டுமாப்பா?' என்று கேட்காதீர்கள், 'வேண்டும்' என்றுதான் சொல்வார். இரண்டு கயிற்றுச் சுருளைக் காட்டி 'இதில் எது நல்ல கயிறு?' என்று கேளுங்கள். அல்லது 'இது யாருக்குப் பயன்படும்?' என்று கேளுங்கள். இடத்துக்கும் எல்லை பேசிக்கொள்ளுங்கள்: இந்த அலமாரி முழுக்க உங்களுடையது, நடைபாதையும் அடுப்பைச் சுற்றியும் மட்டும் காலியாக இருக்கட்டும் என்று.

ஆனால் கட்டிலில் படுக்க முடியாமல், அடுப்படியில் சமைக்க முடியாமல், வெளியேறும் வழி அடைபடும் அளவுக்குப் போயிருந்தால் அது பழக்கமல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் பதுக்கல் கோளாறைத் தனி நோயாக வகைப்படுத்தியது; உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இப்போது இருக்கிறது. வீட்டைக் காலி செய்வது அதற்குச் சிகிச்சையாகாது, சில மாதத்தில் மறுபடி நிரம்பும். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை பலருக்கு உதவுகிறது.

கே: அம்மா காலமாகி இரண்டு மாதம். அவர் அறையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ப: வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் அறை இருந்தபடி இருக்கட்டும். இப்போது தேட வேண்டியவை ஆவணம், சாவி, காப்பீடு, மருந்து மட்டும். பிற்பாடு தொடங்கும்போது ஒவ்வொரு துணியின் பையையும், கைப்பையின் உள்ளறையையும், புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவையும், இழுப்பறையின் அடியில் விரித்த தாளுக்குக் கீழும் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். பணமும் கடிதமும் நகையும் இருக்கும் இடங்கள் இவை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் விலைமதிப்புள்ளவற்றைப் படத்தோடு பட்டியலிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பங்கிடுங்கள். மனத்தாங்கல் பெரும்பாலும் விலையில்லாத பொருளில்தான் வரும், தினமும் கையாண்ட ஒரு கரண்டி, ஒரு கண்ணாடிக்கூடு. அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

கே: கொடுக்கக்கூடாத பொருட்கள் என்று ஏதும் உண்டா?

ப: அடிபட்ட தலைக்கவசம், விபத்தில் சிக்கிய அல்லது காலாவதியான குழந்தைக் கார் இருக்கை. அடிபட்டதில் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம். இருக்கையின் காலாவதித் தேதி பெரும்பாலும் அடியில் அச்சிட்டிருக்கும். வயர் உரிந்த மின்சாதனம், பூச்சு பெயர்ந்த நான்ஸ்டிக் பாத்திரம், மூட்டைப்பூச்சி கண்ட மெத்தை. துணி, துவைத்துக் காய்ந்து பொத்தானோடு இருந்தால் மட்டும். 'இல்லாதவர்களுக்கு இது போதும்' என்று தோன்றினாலே அது குப்பைப் பைக்கு உரியது.

கே: கழித்து ஓராண்டுக்குள் வீடு மறுபடி நிரம்பிவிடுகிறதே?

ப: வெளியே போகும் வழியை மட்டும் திறந்திருக்கிறீர்கள், உள்ளே வரும் வழியைக் கவனிக்கவில்லை. ஒரு மாதம், வீட்டுக்குள் வந்த உணவல்லாத பொருட்களை எல்லாம் வாசலருகே ஒரு தாளில் எழுதுங்கள். இலவசமாக வந்த பை, பேனா, டப்பா உட்பட. யார், எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்றும் எழுதுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் ஓரிரண்டு வழிகளில்தான் பெரும்பங்கு வந்திருக்கும். தள்ளுபடி விற்பனையாக இருந்தால் வேண்டியதைப் பட்டியலில் போட்டு 30 நாள் கழித்து வாங்குங்கள். பரிசாக இருந்தால் முன்கூட்டியே நெருங்கியவர்களிடம் சொல்லிவிடலாம். பழையதற்கு மாற்றாக வாங்கியதென்றால், புதியதன் பெட்டியைப் பிரிக்கும் அன்றே பழையது வெளியேற வேண்டும். 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று வைத்த பழைய மிக்சி அடுத்த பழையது வரும்வரை நகராது.